துரு தட்ட வந்த விருந்தாளி

ஓர்ஸ் ஹில்லில் எங்கள் காரியாலயத்துக்கு வருகிறவர்கள் முதல் நாள் கதிரையின் நுனியில்தான் உட்காருவார்கள். அவன் உட்காரவே இல்லை. முப்பது வயதிருக்கும். இடது கண்ணைச் சாரத் துணியில் கிழித்த துண்டொன்றால் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றான். "இங்க வந்தா சம்பளம் வாங்கித் தருவீங்கன்னு சொன்னாங்க" என்றான். பேச்சிலேயே கடலுக்கு அந்தப் பக்கத்து இராமநாதபுரத்துக் கரை ஆள் என்று தெரிந்தது. கூலியைக் கொடுக்காமல் இழுத்தடிப்பவர்களிடம் அதைக் கேட்டு வாங்கிக் கொடுப்பதுதான் என் வேலை. பாதி நாள் கெஞ்சல், மீதி நாள் சண்டை. எனக்குச் சண்டைதான் நன்றாக வரும்.

அவனும் ஊர்க்காரர்கள் சிலரும் விசிட் விசாவில் வந்து, உள்துறைமுகக் கரையில் ஒரு தனியார் இடத்தில் பழைய இரும்புப் படகுகளுக்குத் துரு தட்டிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் குந்தியிருந்து நாள் முழுக்கச் சுத்தியலால் தட்டும் வேலை. கண்ணுக்குக் கண்ணாடி கிடையாது. ஒரு நாள் இரும்புத் துணுக்கொன்று தெறித்துக் கண்ணுக்குள் போய்விட்டது. கூலிக்கு ஆள் பிடித்து அவர்களைக் கூட்டி வந்த கொந்தராத்துக்காரர் கடையில் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் எங்கே வேலை என்று கேட்பார்கள், பிறகு எல்லோரும் உள்ளே போக வேண்டியதுதான் என்றும் சொல்லி வைத்தார். ஊருக்குத் திரும்பும்போது சம்பளத்தை மொத்தமாகத் தருவதாகப் பேச்சு. பாஸ்போட்டும் அவரிடம்தான்.

அன்றே அவனைக் கண் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். துணுக்கு உள்ளேதான் இருக்கிறது, சுணங்கினால் கண் போய்விடும், கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றார் அவர். இவன் மாட்டேன் என்று தலையாட்டினான். கொழும்பு என்றால் அவனுக்குப் பொலிஸ்தான். "சம்பளத்தையும் பாஸ்போட்டையும் வாங்கிக் குடுங்கக்கா, மதுரையில போய் எடுத்துக்கிறேன்" என்றான். மற்றவர்கள் கூலிக்கு அலையும்போது எனக்குக் கோபம் வரும். இவன் விஷயத்தில் பயம் வந்தது.

கொந்தராத்துக்காரர் எங்கள் ஊர் மனிதர். சண்டைக் காலத்தில் அகதியாகக் கடல் தாண்டிப் போய், இவன் ஊருக்குப் பக்கத்து முகாமில் பல வருடம் இருந்தவர். ஆட்களைத் தெரிந்தது அப்படித்தான். அவருக்குப் போன் எடுத்தேன். குரலில் தேன் ஒழுகியது. "தங்கச்சி, அவன் என்ர மருமகன் மாதிரி. வீட்டுக்கு வந்த பிள்ளையிட்ட நான் என்ன வேலை வாங்கினனான்?" என்றார். வைத்துவிட்டு நேரே தொழில் திணைக்களத்துக்குப் போய் முறைப்பாடு கொடுத்தேன்.

தொழில் உத்தியோகத்தர் நல்ல மனிதர். கண்ணின் நிலைமையைச் சொன்னதும் விசாரணையை அந்தக் கிழமையே வைத்தார். "விசாக் கதை எனக்குத் தேவையில்லை. வேலை செய்தனான் எண்டு அந்தத் தம்பி தன்ர வாயால சொல்லோணும், அவ்வளவுதான்" என்றார். மற்றவர்கள் வரப் பயந்துவிட்டார்கள். அவன் ஒருவனே சாட்சி. என்ன வேலை, யார் சொல்லிச் செய்தாய், எவ்வளவு கூலி பேசினார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பழக்கினேன். நன்றாகவே சொன்னான். கதிரையில் உட்காரவும் பழக்கினேன்.

எனக்கு முன்னாலேயே வேறொருவர் அவனைப் பழக்கியிருந்தார் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

விசாரணைக்குக் கொந்தராத்துக்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். "கண் எப்பிடியடா? சாப்பிட்டியா?" என்று முதுகைத் தடவினார். உத்தியோகத்தர் அவரைக் காட்டி, "இவர் உங்களுக்கு ஆர்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அவன் சட்டென்று எழுந்தான். கையைக் கட்டினான். "மாமாங்க. மாமா வீட்டுக்கு விருந்தாடியா வந்திருக்கேங்க" என்றான்.

வந்திறங்கிய நாளிலிருந்து அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. வழியில் மறிக்கிற பொலிஸுக்கு, நேவிக்கு, அடையாள அட்டை கேட்கிற யாருக்கும் அதுதான் பதில். இத்தனை மாதமும் அவர்களைக் காப்பாற்றிய ஒரே வசனம். மேசைக்குப் பின்னால் அரசாங்க ஆள் ஒருவர் இருந்து கேட்டதும், நான் பழக்கியதெல்லாம் எங்கோ போய் அது தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவன் என்னைப் பார்த்தான். நல்ல கண்ணிலும் தண்ணீர்.

"பயப்பிடாம யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார் உத்தியோகத்தர். கொந்தராத்துக்காரர் சட்டைப் பையிலிருந்து அவனுடைய பாஸ்போட்டை எடுத்து மேசையில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார். "வேற ஒண்ணும் இல்லீங்க" என்றான் அவன்.

வெளியே படியில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியளோ தங்கச்சி, சொந்தத்துக்குள்ள என்ன சம்பளக் கதை?" எனக்கு மண்டை கொதித்தது. "நீங்கள் அகதியாப் போய் நிண்டபோது அந்தச் சனம்தானே உங்களுக்குச் சோறு போட்டது?" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் கோபிக்கவே இல்லை. "ஓம். நானும் இவனுக்கு மூண்டு நேரமும் சோறு போட்டனான்தானே" என்றார். அவர் அதை மனதார நம்பித்தான் சொன்னார். எனக்கு அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

காங்கேசன்துறையில் அவனைக் கப்பலேற்றிவிட்டது அவர்தான். டிக்கட்டும் அவர் செலவு. அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

சில கிழமைக்குப் பிறகு அவன் போன் எடுத்தான். "காசு பெரட்ட நாளாயிருச்சுக்கா. உள்ள சீழ் வச்சிருச்சாம். கண்ண எடுத்துட்டாங்க" என்றான். நான் விசாரணையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவனுக்கு அதெல்லாம் முடிந்த கதை. ஆஸ்பத்திரிக் கடனைக் கட்ட வேண்டும். "அங்க வேற யாராச்சும் ஆள் எடுக்குறாங்களாக்கா? துரு தட்ட ஒரு கண்ணு போதும்."

இந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்காதே என்று சத்தம் போட்டேன்.

"சரிக்கா" என்றான். "அப்ப அவருக்கே போன் போட்டுக் கேக்குறேன். அவரு வேணாம்னு சொல்ல மாட்டாரு."