கையை இறுக்கிய வளையல்

பிள்ளைத்தாச்சிப் பெண்கள் உள்ள வீட்டாருக்காக இதை எழுதுகிறேன்.

தலைச்சன் பிரசவத்துக்கு மதுரைப் பக்கம் பரவையில் தாய்வீட்டில் இருந்தேன். வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்கள் நாளாக நாளாகக் கையை இறுக்கின. அழுத்தினால் விரல் தடம் பதிந்தது. அம்மாவுக்கோ பெருமை.

"கை எம்புட்டுப் பூரிச்சிருக்கு! ஒன் மாமியா வந்து பாக்கட்டும், எங்க வீட்டுச் சோறுன்னா சும்மாவா?"

"தலை வலிக்குதும்மா. ஆஸ்பத்திரியில காட்டுவமா?"

"அங்க வளையலக் கழட்டச் சொல்லுவாக. பிள்ள பெறக்குமுன்ன கழட்டலாமா? பேசாம படுத்துக்க."

படித்திருந்தும் அம்மா சொல்லுக்கு அடங்கினேன்.

மறுநாள் கண் மங்கி வலிப்பு வந்துவிட்டது. வண்டி கட்டி மதுரைக்குக் கொண்டு போனார்கள். நினைவு திரும்பியபோது, மகன் இறந்தே பிறந்தான் என்றார்கள். நான் முகம் பார்க்குமுன் அடக்கமும் முடிந்திருந்தது.

"அது பூரிப்பு இல்லம்மா, வீக்கம். தலைவலிச்சதுமே வந்திருக்கணும்," என்றார் அம்மாவின் பூரிப்புப் பேச்சைக் கேட்ட டாக்டரம்மா. அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கு அம்மாவிடம் இன்னொரு முறை கேட்டிருக்கலாமோ என்று இன்னமும் நினைக்கிறேன்.

அடுத்துப் பிறந்த மகளை மாதந்தோறும் ஆஸ்பத்திரியில் காட்டித்தான் பெற்றேன். இப்போது தெருவில் வளைகாப்பு நடந்த வீடுகளுக்கு நானே போய்க் கை, காலில் வீக்கம் உண்டா என்று பார்க்கிறேன். "நல்ல நேரத்துல ஆஸ்பத்திரிப் பேச்சா?" என்று வைகிறார்கள். வையட்டும். வீக்கம் இருந்தால், அவர்கள் வண்டி கட்டும்வரை நான் எழுந்து வருவதில்லை.