ஏலம் போன முளைக்கீரை

சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகைக்குத் தன் கையால் விளைவித்ததைத்தான் காணிக்கையாக வைக்க வேண்டும் என்பது ரத்தினபாயின் பிடிவாதம். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏரிக்கரையோரம் கீரை போட்டே, கணவனை இழந்த பின் இரண்டு பெண்களை ஆளாக்கியவள் அவள். இந்த வருடம் அடுக்குமாடி வீடுகளின் கழிவுநீர் ஏரியில் கலந்துவிட்டது. தண்ணீர் கறுத்து நாறியது. அந்தக் கீரையை விற்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆண்டவர் முன்னால் வெறுங்கையோடு நிற்கவும் மனம் வரவில்லை. ஒரு கட்டுக் கீரையைக் காணிக்கையாக வைத்து, ஆராதனை முடிந்து காணிக்கைகளை ஏலம் விடும்போது தானே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ஆனால் ஏலத்தில் அவள் விலை கேட்கக் கேட்க, நிறைமாத கர்ப்பிணியான ஹெப்சி டீச்சர் விளையாட்டாக ஏற்றிக்கொண்டே போனாள்.

"உங்க கீரைக்கு நீங்களே ரேட் ஏத்துறீங்களாக்கா? விடமாட்டேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். கட்டு ஹெப்சியின் கைக்குப் போனது. ரத்தினபாய் ஓடிப்போய் அதைப் பிடுங்கினாள்.

"வாணாம்மா! சாக்கடத் தண்ணில வளந்தது. புள்ளத்தாச்சி நீ, வாய்ல வெக்காத!"

ஹெப்சி சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்போ வீட்டுல நீங்க என்னக்கா சாப்பிடுறீங்க?"

"இதத்தான். பசிக்கு வேற இன்னா கீது?" ரத்தினபாயின் கண்கள் நிறைந்து வழிந்தன.

 அந்த ஏரிக்கரை அடுக்குமாடி ஒன்றில்தான் ஹெப்சியும் குடியிருந்தாள்.

"சாயங்காலம் எங்க அசோசியேஷன் மீட்டிங். வந்து இதையே சொல்றீங்களாக்கா?"

ரத்தினபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வரேம்மா. கீரையும் எடுத்துக்கினு வரேன். மோந்து பாக்கட்டும்."