முதுகால் இழுத்த வில்

குன்னூரில் ஒரு ரிசார்ட்டில் விருந்தினர்களுக்கு வில்வித்தை சொல்லிக்கொடுப்பது என் வேலை. மூங்கில் வில்தான். இழுத்து இழுத்து என் வலது தோள் எப்போதும் வலிக்கும். அதைக்கூடப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அங்கே தோட்டவேலை பார்த்த சரசக்கா முன்பு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். ஒருநாள் விருந்தினர்கள் விளையாட்டாக அவர் கையில் வில்லைக் கொடுத்தார்கள். அவர் காலை அகட்டி நின்றார். தோளைத் தூக்கவில்லை. முழங்கை நேராகப் பின்னால் போனது, முதுகு இறுகியது. என் கையில் நடுங்கும் வில் அவரிடம் அசையாமல் நின்றது. அம்பு நட்டநடுவில் தைத்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "கையில இழுத்தா தோள் போயிருமுங்க சார். கொழுந்து மூட்டைய நாங்க முதுகாலதான் இழுப்போம்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு முகம் எரிந்தது.

அன்றைக்கே மேனேஜரிடம் போய், "அந்தக்கா கேக்காம வில்லை எடுக்குதுங்க. யாரு மேலயாவது பட்டா என்னாகறது?" என்றேன்.

மறுநாள் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தன் ஸ்வெட்டரை எடுத்துப்போக வந்தவர், நான்தான் காரணம் என்று தெரியாமல், "தோள்வலி தேவலைங்களா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது நானும் முதுகால்தான் இழுக்கிறேன். வலி போய்விட்டது. போன வாரம் ஒரு விருந்தினர், "இதை உங்களுக்கு யாருங்க சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டார்.

"நானாப் பழகினதுங்க" என்றேன்.