அத்தை எண்ணிய வௌவால்கள்

வௌவால்களின் மேல் எனக்கு ஒரு காலத்தில் பொறாமை இருந்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் எங்கள் வீட்டு மச்சில் வௌவால் குடியேறியிருப்பதை மருமகள் கண்டுபிடித்தாள். மகன் செல்போனை எடுத்து, வனத்துறையில் இருக்கும் தன் சிநேகிதனைக் கூப்பிட்டான். சிநேகிதன் சொன்னதை வீட்டார் எல்லாரையும் கூட்டி வைத்து விளக்கினான். "மருந்து கிருந்து வெச்சா கேஸ் ஆயிடப்போகுதுன்றாம்மா. இப்போ குட்டி இருக்குமாம், ஒரு மாசம் தொடக்கூடாதாம். குட்டிங்க பறக்க ஆரம்பிச்சதும், சாயந்திரம் எல்லாம் வெளிய போன பின்னாடி, ஓட்டை மேல வலையைத் தொங்க விடணுமாம். மேல மட்டும்தான் ஆணி. உள்ள எதுனா தங்கியிருந்தா கீழ நுழைஞ்சி போயிடும், திரும்பி வர முடியாதாம்."

எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். வலைக்குப் பதில் கோணி என்பதைத் தவிர, இவ்வளவையும் ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன்பே எங்கள் அத்தை சொல்லியிருக்கிறாள்.

அப்போது எனக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி, தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்ற உட்கார்த்திவிட்டிருந்தார்கள். பிள்ளையார்பாளையத்தில் நாட்டு ஓடு போட்ட வீடு எங்களுடையது. கூடத்தில் அப்பாவின் தறி, தறிக்கு மேலே மச்சு. மச்சுச் சுவரின் உச்சியில், தோட்டத்தைப் பார்த்தாற்போல, ஒரு செங்கல் பெயர்ந்த ஓட்டை.

அத்தை, அப்பாவின் தங்கை. கல்யாணமாகிப் போகும்வரை அவள் இடுப்பை விட்டு நான் இறங்கியதில்லை என்பார்கள். என் தலையை அவளைத் தவிர வேறு யாராவது வாரினால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துவேன். அவளை ஆரணிக்குக் கட்டிக்கொடுத்த பிறகு இரண்டு வருஷம் அம்மாவின் கையில் மாட்டிக்கொண்டு, கத்திக் கத்தியே ஓய்ந்துபோயிருந்தேன்.

சித்திரை மாதத்தில் ஒருநாள் அத்தை ஒரு துணி மூட்டையோடு தனியாக வந்து நின்றாள். மாமியாரோடு சண்டையாம். 'எங்க வூட்டுப் புள்ள' என்று நான்கு மாதக் குழந்தையைப் பிடித்து வைத்துக்கொண்டு, இவளை மட்டும் அனுப்பிவிட்டார்களாம். "அவங்களா வந்து கூப்பிடட்டும். நீயா போயி நின்னா நம்ம மானம் இன்னா ஆவறது?" என்று அப்பா சொல்லிவிட்டார். அத்தை மூட்டையைப் பிரிக்காமலே மூலையில் வைத்தாள். வீட்டில் ஏன் எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அத்தை வந்துவிட்டாள். அந்தக் குழந்தை வரவில்லை. என் கணக்கில் இரண்டுமே நல்ல செய்தி.

ஆனால் வந்த அத்தை பழைய அத்தையாக இல்லை. விடிகாலையில் எழுந்து தோட்டத்து வாழைமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். நான் ஓடினால் அம்மா கையைப் பிடித்து இழுப்பாள். வாழைமரத்திடம் அவளுக்கு அப்படி என்ன பேச்சு என்று எனக்கு எரியும். அந்த எரிச்சல் அடங்குவதற்குள் வௌவால்கள் வந்து சேர்ந்தன.

ஒருநாள் மத்தியானம் அப்பா நெய்துகொண்டிருந்தபோது மச்சுப் பலகையின் இடுக்கிலிருந்து ஏதோ ஒன்று தறியில் விரிந்திருந்த அரக்கு நிறப் பாவு நூலின் மேல் விழுந்தது. கட்டைவிரல் அளவு, ரோமம்கூட முளைக்காத குட்டி. அப்பா தறிக்குழியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டார்.

"மொளகா பொகை போட்டா ஒரே நாள்ல ஓடிடும்" என்றாள் அம்மா.

"பொகை போட்டா சரிகை கறுத்துடும்டி. உங்க அப்பன் வூட்ல இருந்து வேற சரிகை வருமா?"

"அப்போ அடிச்சிப் போடு."

"கூறைப்பொடவை தறியில இருக்கசொல்ல வூட்ல உயிர் எடுக்கக்கூடாது. தெரிஞ்சிக்கினே பேசறா பாரு."

அது எங்கள் வீட்டுச் சட்டம். கல்யாணப் புடவை இறங்கும்வரை எறும்பைக்கூட நசுக்கமாட்டார்கள். கொசுவுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இருவரும் வாதாடிக்கொண்டிருக்க, அத்தை வந்து குட்டியைப் பழந்துணியில் ஏந்திக்கொண்டாள். ஏணியில் ஏறி அதை உத்தரத்து இடுக்கைப் பற்றிக்கொள்ளும்படி விட்டுவிட்டு இறங்கினாள். "ஒரு மாசம் பொறு அண்ணா. இப்போ அடைச்சா தாயிங்க வெளிய, குட்டிங்க உள்ள மாட்டிக்கும். பறக்கட்டும். அப்பால நானே கோணி கட்டிடறேன். ஆரணியில நெல்லு ரூம்புல அப்படித்தான் தொரத்துனோம்" என்றாள். வந்ததிலிருந்து அவள் இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

"உன் தங்கச்சி வௌவாலுக்கு வளைகாப்பே பண்ணுவா போல இருக்குது" என்று அம்மா முணுமுணுத்தாள். அப்பா சிரித்துவிட்டுத் தறிக்கு மேலே ஒரு பழைய வேட்டியைப் பந்தல் போலக் கட்டினார். அதோடு அவருக்குத் தொல்லை தீர்ந்தது. எனக்கு ஆரம்பித்தது.

விளக்கு வைப்பதற்கு முன்புதான் என் தலை வாரும் நேரம். எண்ணெய்க் கிண்ணம், சீப்பு, ரிப்பன் எல்லாம் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனால், அத்தை துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து ஓட்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொன்றாகப் பிதுங்கி வெளியே வந்து விழுந்து பறக்கும். அவள் எண்ணுவாள்.

"அத்தே, தலை."

"இருடி. இன்னும் ரெண்டு வரணும்."

அந்த இரண்டு வருவதற்குள் இருட்டிவிடும். பிறகு ஏனோதானோ என்று ஒரு பின்னல். நேற்று நாற்பத்தொன்று, இன்று நாற்பது, ஒன்று எங்கே போயிற்று என்று அவளுக்குக் கவலை. அவள் எண்ணுகிற கூட்டத்தில் நான் ஒருத்தி இல்லையே என்று எனக்குக் கவலை. தலைகீழாகத் தொங்குகிற, மூஞ்சி சரியில்லாத இதுகளிடம் என்னிடம் இல்லாதது என்ன இருக்கிறது என்று தார் சுற்றும்போதெல்லாம் யோசித்தேன்.

அத்தை எடுத்து வைத்திருந்த கோணி ஏணியடியில் மடித்துக் கிடந்தது. எப்படியும் அதைத்தானே கட்டப்போகிறார்கள்? ஒரு மாசம் எதற்கு? ஒரு சாயந்திரம் வௌவால்கள் எல்லாம் போன பிறகு, அத்தை கை கால் கழுவக் கிணற்றடிக்குப் போன நேரத்தில், கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் மச்சுக்கு ஏறினேன். கட்டவோ ஆணி அடிக்கவோ எனக்குத் தெரியாது. ஓட்டைக்குள் திணித்தேன், இரண்டு கையாலும், இறுக்கி. பின்னால் இருட்டில் மெல்லிசாகக் கீச்சுக் கீச்சென்று கேட்டது. கேட்காதது போல இறங்கிவிட்டேன்.

அன்று நிலா வெளிச்சத்தில் அத்தை என்னைத் துவைக்கிற கல்லருகே முன்னால் உட்கார வைத்து நன்றாக வாரினாள். நேர்வகிடு எடுத்து, இரட்டைப் பின்னல். ஒரு பக்கம் முடிந்து ரிப்பனும் கட்டியாயிற்று. இரண்டாவது பக்கத்துக்கு முடியை மூன்றாகப் பிரித்தபோது, தலைக்கு மேலே காற்று படபடவென்றது. வௌவால்கள் திரும்பி வந்திருந்தன. குட்டிக்குப் பால் கொடுக்க அவை நடுவில் ஒருமுறை வரும் என்பது எனக்குத் தெரியாது. ஓட்டை இருந்த இடத்தில் வந்து மோதின, விலகின, மறுபடியும் மோதின. சுவருக்கு உள்ளிருந்து குட்டிகளின் சத்தம், இப்போது கிணற்றடிவரை கேட்டது.

அத்தையின் கை நின்றுபோனது. திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையை இழுத்து மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதையும் மீறி ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து பரவிக்கொண்டிருந்தது.

"அத்தே, எண்ணெய் கொட்டிக்கினியா?" என்றேன்.

"ஆமாண்டி, எண்ணெய்தான்" என்றாள்.

சொல்லிவிட்டு ஓடினாள். மேலே போய்க் கோணியை உருவி எறிந்த சத்தம் கேட்டது. தோட்டத்திலிருந்து பார்த்தால், சுவரின் உச்சியில் வௌவால்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தன. கொஞ்ச நேரத்தில் கீச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. அத்தை மட்டும் இறங்கி வரவில்லை. ஏணியடியில் போய் நின்றுகொண்டேன்.

வெகுநேரம் கழித்து வந்தாள். முகமெல்லாம் ஒட்டடை. அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீயா அடைச்ச?"

"ம்."

"ஏண்டி?"

"நீ அதுங்களையே பாத்துக்கினு இருக்கற."

அவள் என் கன்னத்தைத் தடவினாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

மறுநாள் காலையில் அத்தை வீட்டில் இல்லை. துணி மூட்டையும் இல்லை. முதல் பஸ்ஸுக்கே ஆரணிக்குப் போய்விட்டாள், யாரும் வந்து கூப்பிடாமலே. "என் மானத்தை வாங்கிட்டாளே" என்று அப்பா தறியில் உட்காராமல் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். அம்மா மட்டும், "போனா போறா, நல்லாத்தான் பண்ணா" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். நான் ஒரு பக்கம் பின்னலும் ஒரு பக்கம் விரித்த தலையுமாக மூலையில் உட்கார்ந்திருந்தேன். நான் ஓட்டையை அடைத்த கோபத்தில்தான் போய்விட்டாள் என்று எனக்குத் தெரியும்.

பத்து நாளில் ஆரணியிலிருந்து பாவு வாங்க வந்தவர் ஒரு சேதி கொண்டுவந்தார். வாசலிலேயே நின்று, பிள்ளையைக் கையில் கொடுத்தால்தான் நகருவேன் என்று அத்தை அடம்பிடித்தாளாம். கடைசியில் கொடுத்துவிட்டார்களாம். அப்பா அதைக் கேட்டுவிட்டு, வேறு பேச்சு பேசுவதுபோல ஆணியைத் தேடி எடுத்தார். குட்டிகள் பறக்கத் தொடங்கிய பிறகு, அத்தை சொன்னபடியே மேலே மட்டும் அடித்துக் கோணியைத் தொங்கவிட்டார். மூன்று நாளில் மச்சு காலியானது. கூறைப்புடவையும் பழுதில்லாமல் இறங்கியது. மச்சைக் கூட்டிப் பெருக்கியது நான்தான்.

தீபாவளிக்கு அத்தை அந்தப் பையனோடு வந்தாள். கொழுகொழுவென்று அவள் இடுப்பில், என் இடத்தில், உட்கார்ந்திருந்தான். யாரும் பார்க்காத நேரத்தில் அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன்.

அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் கழித்து எனக்குத் தலைச்சன் பிறந்தான். அவன் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். தெருவில் யார் வீட்டுக் குழந்தையோ வீறிட்டு அழுதது. குனிந்து பார்த்தேன், என் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம் எதுவும் இல்லை.