மருந்துத் தகரம்

இலங்கை மடுல்சீமைத் தோட்டத்தில் தேயிலைக்குப் பூஞ்சண மருந்தடிக்கும் அங்கமுத்து, மகள் கல்யாணத்துக்குக் காலி மருந்துத் தகரமொன்றைக் கழுவிச் சீர்வரிசையாகக் கொடுத்தார். மருந்து இருந்த தகரமாயிற்றே, அதில் வைத்த தண்ணீரைக் குடித்தால் நோய் அண்டாது என்று பெருமை வேறு.

சில வருடம் கழித்து, 1975இல் தோட்டத்துக்கு வந்த புது டாக்டர் இந்தப் பெருமையைக் கேட்டுத் திடுக்கிட்டார். "அது நஞ்சுப்பா. துளித்துளியா வருசக்கணக்குல உள்ள போனா ஈரலைக் கெடுக்கும்."

"மாமோய், சம்பந்தி வீட்டுக்கே மருந்தடிச்சிட்டீங்களே!" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள்.

அங்கமுத்து மகளின் லயத்து வீட்டுக்கு ஓடினார்.

"தகரத்தைக் குடு தாயி, ஓட்டையாயிருச்சாம்."

"ஓட்டையெல்லாம் இல்லப்பா. நீங்க குடுத்ததுன்னு புள்ளைக்குக்கூட அதுலதான் தண்ணி."

அங்கமுத்து அதிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, தகரத்தைத் தலையில் கவிழ்த்து முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தார்.

"எதுக்குப்பா அது?"

"மழை வருது தாயி" என்றார், சுள்ளென்ற வெயிலில்.