ஊசி குதிக்காத நாள்

எங்கள் வீட்டில் சரியாக நடக்கத் தெரியாதவள் அம்மாதான் என்று அப்பா கண்டுபிடித்தபோது, நான் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அதுவரை அம்மாவின் நடையில் யாரும் எந்தக் குறையும் கண்டதில்லை.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். பழைய காலத்துக் கடைவீடு. கடைக்குச் சிமெண்ட் தரை, எங்களுக்குப் பலகைத் தரை. எதிரே தூண்களின்மேல் ஓடும் மோனோரயில் கடக்கும்போதெல்லாம் பலகைகள் லேசாகச் சிலிர்த்துக்கொள்ளும். கூடவே கீழே தொங்கும் எவர்சில்வர் தூக்குகள் ஒன்றோடொன்று உரசி மெல்லிய ஓசை எழுப்பும். பள்ளி விட்டு வந்ததும் காதைத் தரையில் வைத்துப் படுத்துக்கொள்வேன். அந்த ஓசை என் தலைக்குள்ளேயே கேட்கும். வீடு முழுவதும் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு ஓர் எண்ணம். பல நாள் அந்த எண்ணத்திலேயே தூங்கிப்போயிருக்கிறேன்.

அப்பாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசார் காராட்டுக்குப் போனார். பழைய சாமான்களைத் தரையில் விரித்து விற்கும் சந்தை அது. திரும்பி வரும்போது இசைத்தட்டு சுழற்றும் பெட்டி ஒன்றையும் ஒரு கட்டு தமிழ்ப் பாட்டுத் தட்டுகளையும் சுமந்துகொண்டு வந்தார். எல்லாப் பாட்டும் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்ட காலம். “வேலியில போன ஓணானப் புடிச்சு வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டாராம்,” என்று அம்மா சிரித்தாள்.

தட்டு சுழன்றது. அப்பா ஊசியை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பெண் யாருக்காகவோ வாசலில் காத்திருப்பதாகப் பாடத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து மோனோரயில் போயிற்று. ஊசி குதித்தது. காதலன் வந்து சேர்வதற்குள்ளேயே அவள் அவனை வழியனுப்பி அழுதுகொண்டிருந்தாள். அப்பா கண்ணைத் திறந்து, தரையைப் பார்த்தார். அன்று தொடங்கியது அந்தப் போர்.

முதலில் பழைய டென்னிஸ் பந்துகளை இரண்டாக அறுத்துப் பெட்டிக்கு அடியில் கவிழ்த்து வைத்தார். பெட்டி கடலில் போகும் சம்பான் படகைப் போல ஆடியது. அடுத்து வந்தது சைக்கிள் டியூப். அதில் அரைகுறையாகக் காற்றடித்துத் தரையில் வளையமாகப் போட்டார். அதன்மேல் ஒரு கிரானைட் பலகை. பூச்சோங்கில் சமையலறை மேடைக்குக் கல் அறுக்கும் நண்பர் ஒருவர், மிஞ்சிய துண்டைச் சும்மா கொடுத்தாராம். கல்லின்மேல் பெட்டி. காற்று கூடினால் டியூப் விறைத்துக்கொள்ளும், குறைந்தால் கல் தரையில் இடிக்கும். பம்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் அப்பா அந்த டியூப்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று ஊட்டினார்.

இந்த ஆராய்ச்சியில் எனக்கும் ஒரு பதவி இருந்தது. அப்பா கையைத் தூக்கினால் நான் குதிக்க வேண்டும். “குதி லா பிள்ள, பயப்படாம குதி,” என்பார். வேறெந்த வீட்டிலும் பிள்ளையைக் குதிக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்க மாட்டார்கள். நான் பெருமையோடு குதித்தேன்.

மோனோரயில் தோற்றது. வண்டி போகும், தூக்குகள் கீழே முணுமுணுக்கும், பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. நானும் சின்ன உடம்பு, என் குதியும் டியூப்பிடம் தோற்றது. தோற்காதவள் அம்மா ஒருத்திதான்.

அம்மா தினமும் ரயிலேறிப் போய், சுபாங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் நாள் முழுவதும் நின்று வேலை செய்கிறவள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் குதிகாலை ஊன்றித்தான் நடப்பாள். அவள் கூடத்தைக் கடந்தால் கல் பெட்டியோடு சேர்ந்து ஒருமுறை ஊஞ்சலாடும், ஊசி இரண்டு வரி தள்ளிப் போய் விழும்.

“ரயிலு போனா தரை நடுங்கத்தான்மா செய்யுது. நீ உலுக்குற,” என்று அப்பா விளக்கினார். குற்றமாகச் சொல்லவில்லை. லிஃப்டில் என்ன கோளாறு என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னார்.

சுவரில் பலகை அடித்துப் பெட்டியை அதன்மேல் ஏற்றிவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும். ஆனால் வீட்டுக்காரர் ஓர் ஆணிகூட அடிக்க விடமாட்டார். அப்பா மண்டியிட்டுத் தரை முழுவதையும் விரலால் தட்டிக் கேட்டார். அடியில் உத்தரம் ஓடுகிற இடங்களில் பலகை அசைவதில்லை என்று தெரிந்துகொண்டார். பிறகு என் சாக்பீஸை வாங்கி, அடுப்படியிலிருந்து சாமி மேடை வழியாகப் படுக்கையறை வரை, இரண்டு வளைவுகளோடு ஒரு கோடு போட்டார். அதன்மேல் நடந்தால் ஊசி குதிக்காது.

முதலில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. அம்மா இஞ்சினாகவும் நான் பெட்டியாகவும் அந்தத் தண்டவாளத்தில் ஓடினோம். பாட்டு ஓடிக்கொண்டிருக்க, சாயங்கால வெயில் பலகையில் மஞ்சளாகப் படிந்திருக்க, நாங்கள் இருவரும் அடிமேல் அடிவைத்துப் போனதை இப்போது நினைத்தால் கனவில் நடந்ததுபோல் இருக்கிறது. அந்த நாட்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

அம்மா வழக்கமாகத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நிற்பாள். கோடு ஜன்னல் பக்கம் போகவில்லை. அவள் அடுப்படியிலேயே நின்று குடிக்கத் தொடங்கினாள். நான் அதைக் கவனிக்கவில்லை. அப்பாவும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அப்படியிருக்கும்போது கிள்ளானிலிருந்து பெரியம்மா சேலை எடுக்க வந்தவர், வீட்டுக்கும் வந்தார். அப்போதும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தேத்தண்ணியோடு வளைந்து வளைந்து வருவதைப் பார்த்துவிட்டு, “ஏண்டி, கால்ல அடியா? நெளிஞ்சு நெளிஞ்சு நடக்குற?” என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கினேன். கோட்டைத் தொட்டுக் காட்டினேன்.

பெரியம்மா கடகடவென்று சிரித்தார். “புருஷன் கிழிச்ச கோட்டப் பொண்டாட்டி தாண்ட மாட்டாள்னு சொல்வாங்க. நெசமாவே கோடு கிழிச்சி வெச்சிருக்கறத இன்னைக்குத்தான் பாக்குறேன் லா!”

அப்பாவும் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், ஆனால் அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கையில் தேத்தண்ணித் தட்டோடு, கோட்டின்மேல் இருந்த தன் பாதங்களைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

பெரியம்மா கிளம்பும்போது அம்மாவும் ஒரு பையோடு அறையிலிருந்து வந்தாள். “கொஞ்ச நாளு அக்கா வீட்டுல இருந்துட்டு வரேன். அங்கேருந்தும் அதே ரயிலுதான், வேலைக்குப் போயிக்கிறேன்.” சொல்லிவிட்டு, கோட்டைப் பார்க்காமல் கூடத்தின் குறுக்கே நேராக நடந்தாள். ஒவ்வோர் அடிக்கும் ஊசி குதித்தது. அப்பா பெட்டியைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு சாத்திய பிறகு பாட்டு ஒழுங்காகப் பாடியது.

பள்ளி விடுமுறை. அப்பா சமைத்தார், நான் சாப்பிட்டேன் என்பதைத் தவிர அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அம்மா போன் பண்ணினால் என்னிடம் பேசுவாள். “அப்பாகிட்ட குடுக்கவா?” என்றால், “அப்புறமா,” என்பாள். வீடு மிதப்பதை நிறுத்திவிட்டது போல இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அப்பா அந்த முதல் தட்டையே எடுத்துப் போட்டார். நான் சம்மணமிட்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஊசி ஓரிடத்திலும் குதிக்கவில்லை. அந்தப் பாட்டை ஒழுங்காக நான் கேட்டது அன்றுதான். அவள் காத்திருந்தாள், அவன் வந்தான், இருவரும் மாறி மாறிப் பாடினார்கள், நடுவே ஒரு புல்லாங்குழல் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தது. இத்தனை அழகான பாட்டையா இதுவரை துண்டு துண்டாகக் கேட்டோம் என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை மூடவில்லை. அடுப்படி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிவதற்குள் கை நீட்டி ஊசியைத் தூக்கிவிட்டார்.

“குதிக்கவே இல்லயேப்பா!”

“ஆமா, குதிக்கல,” என்றார்.

ஈரத் துணி ஒன்றை எடுத்துவந்து, மண்டியிட்டு, கோட்டை அடுப்படியிலிருந்து படுக்கையறை வரை துடைத்தார். துடைத்து முடித்து, “சட்டைய மாத்து, கிள்ளான் போறோம்,” என்றார்.

பெரியம்மா வீடு தரைவீடு, வழவழவென்ற சிமெண்ட் தரை. “வாங்க மாப்ள,” என்றதோடு பெரியம்மா நிறுத்திக்கொண்டார். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து முன்னால் நீட்டியபோது திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“நீ வந்ததே கேக்கல,” என்றார்.

“சிமெண்ட் தரைல்ல,” என்றாள் அம்மா.

அப்பா தண்ணீரை வாங்கினார், குடிக்கவில்லை. “நம்ம வீட்டுலயும் இப்ப அப்படித்தாம்மா இருக்கு. நீ நடக்குற சத்தமே இல்ல. என்னால இருக்க முடியல.”

அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள், பெரியம்மா தரையைப் பார்த்தார். இதற்கான வழி என் கண்ணெதிரே தரையாக விரிந்து கிடக்கும்போது பெரியவர்கள் ஏன் இப்படி விழிக்கிறார்கள் என்று எனக்குப் பொறுக்கவில்லை.

“அப்பா, பெட்டிய இங்கயே கொண்டு வந்துருவோம் லா! சிமெண்ட் தரைல அம்மா எப்படி நடந்தாலும் ஊசி குதிக்காது!”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

திரும்பும் ரயிலில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். என் யோசனையைப் பற்றி மறுபடி கேட்டபோது, “வேணாம் பிள்ள. குதிச்சா குதிச்சிட்டுப் போவுது,” என்றார் அப்பா. அத்தனை பாடுபட்டு ரயிலையே ஜெயித்த மனிதருக்குப் பாட்டின்மேல் இருந்த ஆசை இப்படி விட்டுப்போயிற்றே என்று, வீடு வந்து சேரும்வரை அவருக்காக நான் வருத்தப்பட்டுக்கொண்டே வந்தேன்.