ஜிம்மியின் காதும் என் கன்னமும்

டீச்சர் வீட்டு ஜிம்மிக்கு என் இடது கன்னம்தான் பிடிக்கும். வலது கன்னத்தைக் காட்டினாலும் சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கத்தைத்தான் நக்கும். எனக்கு அப்போது எட்டு வயது. அறுபதுகளின் தொடக்கம். மாத்தளைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரே சந்தில் எங்கள் வீடும் டீச்சர் வீடும் இருந்தன. நடுவில் ஒரு கம்பி வேலி. இந்தப் பக்கம் எங்கள் கிணறு, அந்தப் பக்கம் டீச்சரின் கொய்யா மரம்.

டீச்சர் ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிற வேதக்கார அம்மா, கல்யாணம் ஆகாதவர். பின்னேரங்களில் எனக்குக் கணக்குச் சொல்லித்தருவார். ஜிம்மி அவர் மடியில் கிடக்கும். பிஸ்கட்டைக் கடித்துப் பாதியை அதற்குக் கொடுப்பார். அது மிச்சம் வைத்தால் அதையும் தானே தின்பார். ராத்திரி கால்மாட்டில் படுக்கிற நாய் விடியும்போது தலையணையில் இருக்கும் என்று பெருமையாகச் சொல்வார். கணக்குப் பாதியில் ஜிம்மி அவர் மடியிலிருந்து என் மடிக்கு மாறும். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதன் காதோடு சேர்த்து வைத்துக்கொள்வேன். வகுத்தல் எனக்கு இன்றுவரை சரியாக வராததற்கு ஜிம்மியும் ஒரு காரணம்.

எங்கள் வீட்டில் நாய் என்றால் எட்டத்தில்தான். நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால். குர்ஆன் ஓதப் போன ஓதப்பள்ளியில் படித்த பாடம். இந்த விஷயத்தில் உம்மா வாப்பாவைவிடக் கண்டிப்பு. சந்தில் நாய் வந்தால் சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பாள். ஆனால் நாய்க்குக் கல்லெறிய யாரையும் விடமாட்டாள். அதுவும் அல்லாஹ்வின் படைப்புத்தான் என்பாள், சுவரோடு ஒட்டியபடியே.

ஆகவே டீச்சர் வீட்டிலிருந்து திரும்பியதும் நான் நேரே கிணற்றடிக்குப் போவேன். வாழை அடியில் மண் எடுத்து, கையையும் காலையும் எண்ணி ஏழு தரம் கழுவுவேன். கன்னத்தில்தான் வம்பு. முகத்தில் மண் ஒட்டியிருந்தால் உம்மா கண்டுவிடுவாள். அதனால் கன்னத்தை மட்டும் ஒரு தரம் நனைத்து, சட்டை நுனியால் துடைத்துவிடுவேன். அல்லாஹ் மன்னிப்பான், அவனுக்கு ஜிம்மியைத் தெரியும் என்று எனக்கொரு நம்பிக்கை.

ஒரு நாள் இடது கன்னம் அரித்தது. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம் வந்து, வாரம் முடிவதற்குள் பிள்ளை வளையல் அளவுக்கு வளர்ந்தது. கழுவிய கையில் ஒன்றுமில்லை, காலில் ஒன்றுமில்லை. கழுவாத கன்னத்தில் மட்டும், கம்பஸ் வைத்து வரைந்த மாதிரி. கணக்கு வராத எனக்கே இந்தக் கணக்கு விளங்கியது. உம்மா குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். சிவப்பு வட்டம் மஞ்சள் வட்டமானது, அவ்வளவுதான்.

அதே வாரம் டீச்சர் வேலியருகே வந்து நின்று உம்மாவிடம் அழுதார். ஜிம்மியின் காதில் முடி கொட்டி ஓரிடம் மொட்டையாகியிருந்தது. நகரசபை ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனாராம்.

"அடுத்த மாசம் வண்டி வருதாம். தோல் வருத்தம் வந்த நாய்கள ஏத்திட்டுப் போயிடுவாங்களாம். இவனுக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. பூனை பிறாண்டினது. நான் எண்ணெய் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அந்த வண்டியில் போன எந்த நாயும் திரும்பி வந்ததாகச் சந்தில் யாருக்கும் ஞாபகமில்லை. கண்ணைத் துடைத்த டீச்சரின் முழங்கையிலும் ஒரு வட்டம் இருந்தது. புதுச் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார். ஜிம்மிக்கு நோய் என்று சொன்ன மறுபக்கத்து வீட்டாரோடு அவர் அப்போதே பேச்சை விட்டிருந்தார்.

"அல்லாஹ் காப்பாத்துவான் டீச்சர்" என்றாள் உம்மா. எனக்கு அது போதவில்லை. அன்றிலிருந்து நான் தொழுகைப் பாயில் கேட்டதெல்லாம் ஜிம்மியின் உயிரைத்தான். என் கன்னம் எப்படிப் போனாலும் பரவாயில்லை என்றும் சொல்லிவைத்தேன்.

மறுநாள் உம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே டாக்டருக்குப் பதிலாக நோய் பார்த்து மருந்து தருகிற அப்போதிக்கரி ஐயா என் கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"படர்தாமரை. வீட்டுல நாய் இருக்குதா?"

"எங்கட ஊட்டுல நாய் இல்ல" என்றாள் உம்மா.

அது உண்மைதான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது அவர் குழாய் வைக்காமலே கேட்கும்படி அடித்தது.

"முடி கொட்டின நாயக் கட்டிப்பிடிச்சா இது வரும். எந்த நாயோ, அதுக்கும் இதே களிம்பு பூசணும். இல்லாட்டி பிள்ளைக்குச் சுகமானாலும் திரும்ப வரும்."

உம்மா என் பக்கம் திரும்பவில்லை. கொண்டுபோன சின்ன டப்பாவை நீட்டினாள். நிறைத்துத் தந்த பிறகும் எழும்பவில்லை.

"இன்னும் கொஞ்சம் கூடத் தாங்களே."

"ஒரு கன்னத்துக்கு இதுவே ரெண்டு மாசத்துக்குக் காணும்."

"பரவாயில்ல, தாங்க."

அவர் முனகிக்கொண்டே ஒரு தாளில் வைத்து மடித்துத் தந்தார். அரசாங்க மருந்தில் உம்மாவுக்கு இத்தனை ஆசையா என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

வரும் வழியில் உம்மா சொன்னது ஒன்றுதான். "கன்னம் ஆறுற வரைக்கும் டீச்சர் ஊட்டுக்குப் போகாதீங்க மகள். அவங்களுக்கும் ஒட்டிடும்." நாய் என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்று பின்னேரம் தாளிலிருந்து கொஞ்சம் வெள்ளைக் களிம்பை வாழை இலைத் துண்டில் எடுத்து, சோப்பு வட்டத்துக்கு நல்லது என்று வேலிக்கு மேலாக டீச்சரிடம் கொடுத்தாள்.

பள்ளிக்கூடத்துக்கும் போகாமல் நான் வீட்டில் கிடந்தேன். டீச்சர் வேலைக்குப் போனதும் ஜிம்மி கொய்யா மரத்தில் கட்டப்பட்டு, வேலிப் பக்கம் பார்த்து ஊளையிடும். ஒரு நாள் பார்த்தால் அதன் காதில் வெள்ளையாக ஏதோ பூசியிருந்தது. வண்டிக்காரர்கள் வரும்போது அழகாகத் தெரியட்டும் என்று டீச்சர் பௌடர் போட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

வண்டி வந்தது. இறங்கிய ஆள் ஜிம்மியின் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மொட்டை இடத்தில் பஞ்சு மாதிரி முடி முளைத்திருந்தது. காதை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். டீச்சர் ஜிம்மியைத் தூக்கி நெற்றியில் முத்தம் கொடுத்தார். எண்ணெயின் மகிமை என்று சந்து முழுக்கச் சொன்னார். தொழுகைப் பாயில் கேட்ட என் துஆவின் மகிமை என்று நான் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

வண்டி வருமுன் அந்த மாதத்தில் ஒரு காலைப் பொழுது மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது. உம்மா கிணற்றடியில் குந்தியிருந்து, வாழை அடி மண்ணை அள்ளி வலது கையில் தேய்த்துத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஜிம்மி வாலாட்டிக்கொண்டு நின்றது. அது எல்லோருக்கும் வாலாட்டும் நாய். உம்மாவையும் நாயையும் சேர்த்து நினைக்க எனக்கு வழியே இருக்கவில்லை. எத்தனை தரம் ஊற்றினாள் என்று நான் எண்ணவில்லை. மீன் கழுவினால் வாடை போக மண் தேய்ப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

"என்ன மீன் உம்மா?"

உம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். "உள்ளுக்குப் போங்க மகள், வெயில்" என்றாள்.

மத்தியானம் பருப்பும் கங்குன் கீரையும்தான் இருந்தன. மீன் எங்கே என்று சோற்றுப் பீங்கானைத் தள்ளிவிட்டு அழுதேன். உம்மா ஏசவில்லை. பீங்கானைத் தன் பக்கம் இழுத்து, அந்தக் கையாலேயே சோற்றைப் பிசைந்து எனக்கு ஊட்டிவிட்டாள். நான் கடைசி வாய் வரை மீனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.